மூங்கிலுக்கு நடுவே ஒரு கால்

தோழி வீட்டுத் தாழ்வாரத்தில், கூரைக்கடியில் இரண்டு மூங்கில் கழிகளைச் செருகி வைத்திருந்தார்கள். ஆளுயரத்துக்கு மேல் நீளம், கை பட்டுப் பட்டு வழவழவென்று மஞ்சளாகியிருந்தன. "துணி காயப்போடவா?" என்று கேட்டேன். தோழியின் அம்மா சிரித்துக்கொண்டே, "அதற்கும்தான்" என்றார். பழைய ஜோடி 2013 நவம்பர் புயலில் வீட்டோடு போய்விட்டதாம். அந்தப் புயலுக்கு அங்கே யோலாண்டா என்று பெயர். எதைப் பற்றிப் பேசினாலும் யோலாண்டாவுக்கு முன், யோலாண்டாவுக்கு அப்புறம் என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள்.

பிலிப்பைன்ஸில் லேய்த்தே தீவு, பாலோ ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் தோழி விடுமுறைக்குக் கிளம்பியபோது நானும் தொற்றிக்கொண்டேன். பாலோ கடற்கரையில்தான் இரண்டாம் உலகப் போரில், 1944 அக்டோபர் 20 அன்று அமெரிக்கத் தளபதி மெக்கார்த்தர் படையோடு வந்து இறங்கினார். தண்ணீருக்குள் நடந்து வருவது போல் சிலைகள் வைத்திருக்கிறார்கள். பார்த்தேன், படம் எடுத்தேன், அவ்வளவுதான். நான் வந்தது, தட்டும் மூங்கில் கழிகளுக்கு நடுவே கால் வைத்து ஆடும் டினிக்லிங் கற்றுக்கொள்ள. அந்த ஆட்டத்தின் பிறந்த வீடு லேய்த்தே.

வரும் வழியில் மணிலாவில் ஒரு மேடை நிகழ்ச்சி பார்த்திருந்தேன். தலையில் ஒன்று, புறங்கைகளில் ஒவ்வொன்று என மூன்று விளக்குகளை ஏந்தி ஆடும் பாண்டாங்கோ சா இலாவ். குறுக்கும் நெடுக்குமாக அடிபடும் மூங்கில்களுக்குள் விசிறியோடு இளவரசி நடந்துபோகும் சிங்கில். சிங்கிலின் கதை தெற்கே மின்டனாவோ தீவில் வாழும் மரனாவோ மக்களின் தரங்கென் காப்பியத்திலிருந்து வந்தது. அதே மக்களிடம் 'மகாராடியா லாவனா' என்று ஒரு ராமாயணக் கதையும் உண்டு. லாவனா வேறு யாருமில்லை, நம் இராவணன்தான். எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஆனால் குளிர்சாதன அரங்கில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தால், மூங்கில் வலிக்கும் என்பது உறைப்பதில்லை.

டிக்லிங் என்பது ஒரு பறவை. நம் ஊர்க் கானாங்கோழிக்கு உறவுக்காரன், நெடுங்கால், வயல்வெளிதான் குடியிருப்பு. நெல்லைத் தின்ன வரும் டிக்லிங்குக்கு விவசாயிகள் மூங்கிலில் பொறி வைப்பார்களாம், அது காலைத் தூக்கித் தூக்கித் தப்பித்துவிடுமாம். ஆட்டம் அந்த நடையிலிருந்து வந்தது என்கிறார்கள். ஸ்பானியர் காலத்தில் வேலை செய்யாதவர்களை முள் மூங்கிலுக்கு நடுவே நிற்கவைத்து அடித்ததிலிருந்து வந்ததாகவும் ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. தோழியின் அம்மாவிடம் கேட்டேன். "பறவையைப் பார்த்திருக்கிறேன். மற்றதை நீ சொல்லித்தான் கேட்கிறேன்" என்றார். நானும் பறவைக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

சாயங்காலம் முற்றத்தில் இரண்டு கட்டைகளைப் போட்டு அவற்றின்மேல் கழிகளைக் கிடத்தினார்கள். முனைக்கு ஒருவராக இரண்டு பையன்கள் குந்தினார்கள். கழிகளை ஒருமுறை ஒன்றோடொன்று மோத வேண்டும், பிறகு விரித்துக் கட்டையில் இருமுறை தட்ட வேண்டும். மூன்று எண்ணிக்கை. உசா, துஹா, துலோ என்று அந்த ஊரின் வாராய் மொழியில் எண்ணுகிறார்கள். கழிகள் மோதும்போது கால் வெளியே, கட்டையில் தட்டும் இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ளே. எழுதினால் இரண்டே வரி.

முதல் பத்து நிமிடத்தில் மூன்று அடி வாங்கினேன். மூன்றும் இடது கணுக்காலில், ஒரே இடத்தில்.

"கீழே பார்க்காதே அனாக்" என்றார் அம்மா. அனாக் என்றால் பிள்ளை. நானும் அவரை நானாய், அதாவது அம்மா, என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். "கண்ணால் பார்த்துக் காலை எடுத்தால் மூங்கில் முந்திவிடும். காதைக் கொடு." குனிந்து பார்த்தால் உடம்பின் பாரம் முன்னங்காலில் இறங்கிவிடுகிறது, பிறகு அந்தக் காலைத் தூக்க முடிவதில்லை. நிமிர்ந்து எதிரில் இருந்த தென்னையைப் பார்த்தபடி மனதுக்குள் தகிட, தகிட என்று ஓட்டினேன். அடி நின்றது.

உடம்பு, இடம், காலம், விசை என்று நடனத்தின் அடிப்படைகளைப் பாடப் புத்தகத்தில் பிரித்துப் பிரித்துப் படித்திருக்கிறேன். இங்கே நான்கும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கின்றன. இடம் ஒரு முழம்தான். காலம் கழியின் கையில். கால் பறக்கும்போதும் தோள் அசையக் கூடாது. விசையைக் கூட்டினால் வெளியேற நேரம் போதாது. "சேற்றில் டிக்லிங் நடக்கிற மாதிரி மிதி" என்றார் நானாய்.

அப்புறம் கை. மணிக்கட்டை மட்டும் சுழற்றினால் குமின்டாங். ஒரு காலை மற்றதன் முன்னே குறுக்காக வைத்து, லேசாகக் குனிந்து, கைகளைக் கீழே குறுக்கிட்டால் சாரோக். வணங்கினால் சலூடோ. இந்தப் பெயர்களை எழுத்தில் நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் பிரான்சிஸ்கா ரேயஸ் அக்கினோ. 1920களில் கிராமம் கிராமமாகப் போய் ஆட்டங்களைப் பார்த்து, அடியையும் எண்ணிக்கையையும் எழுதி வைத்தவர். 1973இல் நடனத்துக்கான முதல் தேசியக் கலைஞர் ஆனார். நானாய் பள்ளி உடற்கல்வி வகுப்பில் இவற்றைப் படித்தாராம். தன் ஊர் ஆட்டத்துக்கே பள்ளியில் மதிப்பெண் வாங்கியதைச் சொல்லிச் சிரித்தார்.

இருட்டும் நேரத்தில் தென்னங்கள் வந்தது. மரப்பட்டை சேர்த்த சிவப்புக் கள், அங்கே துபா. ஒரு குவளையில் நிறுத்திக்கொண்டேன். தேங்காய் ஓட்டில் அடைத்த பினாகோல் என்ற கிழங்கு இனிப்பில் மட்டும் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு என்னைக் கழி பிடிக்க உட்காரவைத்தார்கள். ஆடுவதைவிட இது சுலபம் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் தொடை நடுங்கியது. எதிர்முனைப் பையனோடு ஒரே மூச்சில் தட்டாவிட்டால் கழி கோணலாகிறது. மேடையில் இவர்களை யாரும் பார்ப்பதில்லை, நானும் மணிலாவில் பார்க்கவில்லை. ஆட்டத்தின் தாளம் முழுக்க இவர்களிடம்தான் இருக்கிறது.

தோழியின் அக்கா மகள், பத்து வயது இருக்கும், உள்ளே குதித்தாள். வேகம் கூடியது. அவ்வளவு சின்னக் கால். அடித்துவிடுவோமோ என்று பயந்து, கழிகளை மோதுவதில் ஒரு நொடி தாமதித்தேன். அவள் கால் சரியான நேரத்துக்கு வெளியே போய், சரியான நேரத்துக்கு உள்ளே வந்தது. என் கழி அப்போதுதான் மூடியது.

பட்டென்று சத்தம். நான் கழியைப் போட்டுவிட்டு எழுந்தேன். அவள் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே வாராயில் ஏதோ பொரிந்து தள்ளினாள். என்ன சொல்கிறாள் என்று தோழியைப் பார்த்தேன்.

"உன்னை யார் தயங்கச் சொன்னது என்று கேட்கிறாள்."

அதற்குள் அவள் கழியருகே போய் ஒரு காலைத் தூக்கித் தயாராக நின்றாள். "உசா பா" என்றாள். இன்னும் ஒரு தடவை. நான் குந்தினேன்.