ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததா?

மார்ச் 9

1849 செப்டம்பர் 21 அன்று ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் பிலிப் ஹென்றி காஸ் தன் நாட்குறிப்பில் எழுதியது இவ்வளவுதான்: "எ.வுக்கு ஆண் குழந்தை. ஜமைக்காவிலிருந்து பச்சைத் தகைவிலான் வந்தது." எ. என்பது மனைவி எமிலி. பிள்ளைக்கும் பறவைக்கும் ஆளுக்கொரு வரி! அந்தப் பிள்ளை எட்மண்ட் பின்னாளில் எழுத்தாளராகி, அப்பாவுக்கு வக்காலத்தும் வாங்கினார்: பறவை அன்றைக்கு என் பிறகுதான் வந்தது, அதனால்தான் என்னை முதலில் எழுதியிருக்கிறார் என்று. இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் கரைக்குக் குடிவந்த பிறகுதான் காஸின் பெயரே என் காதில் விழுந்தது. வந்ததிலிருந்து இந்த மனுஷன் என்னை விட்டபாடில்லை.

மார்ச் 11

வாழ்க்கையைச் சுருக்கமாகக் குறித்து வைக்கிறேன். 1810இல் பிறப்பு. 17 வயதில் நியூஃபவுண்ட்லாந்தில் குமாஸ்தா வேலை. கனடாவில் விவசாயம், கையைக் கடித்தது. அலபாமாவில் வாத்தியார், அங்கே பார்த்த அடிமை முறை அவரை வாட்டியது. பிறகு ஜமைக்கா, பறவைகள். கல்லூரிப் பக்கமே போகாதவர், 1856இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் உறுப்பினராகிவிட்டார். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1853இல் திறந்த மீன் கூடத்துக்குக் கடல் உயிர்களைச் சேகரித்து அனுப்பியவர். அடுத்த வருடம் வந்த அவருடைய புத்தகத்தால்தான் 'அக்வேரியம்' என்ற சொல் வீட்டுக்கு வீடு பரவியது.

இவரும் எமிலியும் பிளிமத் சகோதரர் என்ற கண்டிப்பான கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். பைபிளில் ஆறு நாள் என்றிருந்தால் அவர்களுக்கு ஆறு நாள்தான்.

மார்ச் 14

இன்று 'ஓம்ஃபலோஸ்'. 1857இல் வந்த காஸின் நூல். கிரேக்கத்தில் தொப்புள் என்று பொருள். பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுக் கதை சொல்கின்றன, வேதமோ ஆறு நாள் என்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்கிறேன் என்று இறங்குகிறார்.

கேலி செய்யத் தயாராகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வாதம் கெட்டியாக இருக்கிறது. கோழி முட்டையிலிருந்து வருகிறது, முட்டை கோழியிலிருந்து. உயிரெல்லாம் இப்படி வட்டத்தில் சுற்றுகிறது. வட்டத்துக்கு ஏது தொடக்கம்? கடவுள் அதில் எந்த இடத்தில் கை வைத்துத் தொடங்கினாலும், அதற்கு முந்தின பகுதி ஏற்கெனவே நடந்து முடிந்ததுபோல் இருந்தாக வேண்டும். மரத்தைப் படைத்தால் ஆண்டு வளையத்தோடுதான். அம்மா வயிற்றில் இல்லாத ஆதாமுக்கும் தொப்புள் உண்டு. அப்படியே பூமியும், நடக்காத காலத்தின் அடையாளங்களோடு, புதைபடிவங்களோடு ஒரே நொடியில் வந்து நின்றது என்கிறார்.

இதை எவராலும் பொய்யென்று காட்ட முடியாது. எந்தச் சான்றைக் கொண்டுபோனாலும் 'அதுவும் அப்படியே படைக்கப்பட்டது' என்று விழுங்கிவிடும். உலகம் ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான், நம் பழைய ஞாபகங்களோடு சேர்ந்தே தோன்றியது என்றாலும் மறுக்க வழியில்லை என்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1921இல் எழுதினார். அதே சங்கதிதான்.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. இந்த நொடியில் படைக்கப்பட்ட உயிர்கள் என்று காஸ் நம்மை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார். மரப் பெரணியின் தண்டைப் பார், இலை உதிர்ந்த தழும்புகள், ஒவ்வொன்றும் கழிந்த காலம். நீர்யானையின் பல்லைப் பார், ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருக்கிறது. தேயாவிட்டால் வாயை மூடவே முடியாது. ஓர் உடம்பில் வயதை எப்படி வாசிப்பது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லித்தரும் வாத்தியாரை நான் பார்த்ததில்லை. காலம் நடக்கவில்லை என்று நிரூபிக்கப் போனவர், காலம் எங்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறது என்று பட்டியலே கொடுத்துவிட்டார்.

மார்ச் 15

குடலைப் பற்றியும் விடவில்லை! படைத்த கணத்தில் குடலில் மலமும் இருந்திருக்கும், கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் உண்மை உண்மைதான் என்கிறார். இந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

மார்ச் 20

விடுமுறை. மதியம் கடல் நன்றாக உள்வாங்கும் என்று பார்த்துக்கொண்டு ஆடிகூம் கடற்கரைக்குப் போய், பெட்டிட்டார் பக்கம் பாறைகளில் ஏறி இறங்கினேன். காஸ் 1857இல் குடிவந்த செயின்ட் மேரிசர்ச் இதற்கு நேர் மேலே. குட்டைகளில் கடல் சாமந்திகள் (பூப்போல விரியும் கடல் உயிர்கள், sea anemone), சிவப்பு உருண்டையாகச் சுருங்கிப்போய். இவற்றைத் தேடித்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறார்.

இங்குள்ள சுண்ணாம்புக்கல்லே பழைய பவளத் திட்டு. இழைத்தால் பவளத்தின் குறுக்குவெட்டு பூப்பூவாகத் தெரியும். பக்கத்து ஊரான டார்க்கி வட்டாரத்தில் அதை மெருகேற்றி மேசைப் பலகையாக விற்றிருக்கிறார்கள். ஏறத்தாழ 38 கோடி ஆண்டு வயது. அந்தக் காலகட்டத்துக்கு டெவோனியன் என்ற பெயரே இந்த மாவட்டத்திலிருந்து வந்தது, 1839இல். உயிருள்ள பவளத்தைத் தேடி காஸ் குனிந்தபோது கையை ஊன்றியது செத்த பவளத்தின் மேல். முன்னது வளர்ந்தது, பின்னது வளரவே இல்லை என்று அவர் நம்ப வேண்டியிருந்தது.

மார்ச் 23

1857ஐத் தனியாகக் குறிக்க வேண்டும். பிப்ரவரியில் எமிலி மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். கோடையில், ராயல் சொசைட்டி கூட்டங்களுக்குப் பிறகு தாவரவியலாளர் ஹூக்கரும் பிறகு டார்வினும் இவரிடம் பரிணாமம் என்ற புதிய கொள்கையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள் என்று எட்மண்ட் எழுதுகிறார். வருடம் முடிவதற்குள் ஓம்ஃபலோஸ் வெளியானது. நாத்திகரும் சிரித்தார்கள், கிறிஸ்தவர்களும் சிரித்தார்கள்.

அதிகம் வலித்தது சார்லஸ் கிங்ஸ்லியின் கடிதமாக இருக்க வேண்டும். பாதிரியார், கடற்கரை ஆய்வில் காஸைத் தூக்கிப் பேசியவர். 25 வருடம் நிலவியல் படித்துக் கண்டதைக் கைவிட்டு, கடவுள் பாறைகளில் தேவையற்ற ஒரு பெரும்பொய்யை எழுதிவைத்தார் என்று தன்னால் நம்ப முடியாது என்றார். ஏமாற்றவா ஆண்டு வளையம் என்று காஸ் நூலிலேயே கேட்டு, இல்லை, வளையமில்லாவிட்டால் அது மரமே இல்லை என்று பதிலும் சொல்லியிருந்தார். மரத்துக்கு அது சரி. பாறைக்குள் கிடக்கும் எலும்புக்கு? பூமியையும் ஓர் உயிர்போல வட்டத்தில் சுற்ற வைத்தால்தான் அந்தப் பதில் நிற்கும். வாதம் இற்றுப்போவது அங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

மார்ச் 30

எட்மண்டின் நினைவுநூல் (1907) முடிந்தது. கிறிஸ்துமஸ் கொண்டாட்டமே ஆகாது என்று புட்டிங்கை அப்பா குப்பைமேட்டில் எறிந்த கதையெல்லாம் அதில்தான். அழகாக எழுதியிருக்கிறார், அதனாலேயே கொஞ்சம் தள்ளிவைத்துப் படிக்க வேண்டும். அப்பா செத்து 19 வருடம் கழித்து வந்தது, எதிர்வாதம் செய்ய ஆளில்லை. காஸின் புத்தகங்களைப் படித்த கூட்டம் வாளியும் உளியுமாக வந்து இந்தக் குட்டைகளைச் சூறையாடியதை மட்டும் எட்மண்ட் மிகைப்படுத்தியதாகத் தோன்றவில்லை.

ஓம்ஃபலோஸ் தோற்றதும் காஸ் ஓய்ந்துவிடவில்லை. 1860க்குள் பிரிட்டனின் கடல் சாமந்திகளுக்கும் பவளங்களுக்கும் ஒரு முழுநூல் எழுதி, படங்களையும் தானே வரைந்து முடித்தார். டெவனின் வடக்கே இல்ஃப்ரகூம் கரையில் அவர் கண்டெடுத்த செம்மஞ்சள் பவளத்துக்கு இன்றும் அறிவியல் பெயரின் பின்னால், பெயரிட்டவர் இவர் என்பதற்காக, 'காஸ், 1853' என்றுதான் போடுகிறார்கள். அடுத்த மாதம் லீவு கிடைத்தால் இல்ஃப்ரகூம்.