டப்பாவைத் திருப்பிப் பாருங்க

இன்று காலை ஊட்டி டென்னிஸ் கோர்ட்டில் ஒரு பையன் புதுப் பந்து டப்பா திறந்து ஆடினான். அடித்த ஃபோர்ஹேண்ட் எல்லாம் பேஸ்லைன் (பின்கோடு) தாண்டி வேலியில். "மணிக்கட்டை மடக்கு தம்பி" என்று பக்கத்தில் ஒருவர் அறிவுரை.

மணிக்கட்டில் ஒன்றுமில்லை. பந்துதான் சமவெளிப் பந்து.

ஊட்டி 2,240 மீட்டர். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தின் வேகம் அவ்வளவாகக் குறையாது, டாப்ஸ்பின் (முன்னோக்கிச் சுழலும்) பந்தும் சரியாக இறங்காது. வெளி அழுத்தம் குறைவதால் பந்து விறைத்துத் துள்ளவும் செய்யும்.

அதனால்தான் 1,219 மீட்டருக்கு மேல் ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) விதியில் தனிப் பந்து. 254 செ.மீ. உயரத்திலிருந்து போட்டுச் சோதிக்கும்போது சாதாரணப் பந்து 135 முதல் 147 செ.மீ. எழும்ப வேண்டும். மலைப்பந்துக்கு 122 முதல் 135 போதும்.

கொலம்பியாவின் பொகோட்டாவில் நடக்கும் சேலஞ்சர் (இரண்டாம் நிலைத் தொடர்) ஒற்றையர் ஆட்டங்களைப் பாருங்கள், அந்த ஊர் 2,600 மீட்டர். பெரிய சர்வ் உள்ளவனுக்குக் கொண்டாட்டம். சுற்றிச் சுழற்றி அடிக்கும் களிமண் தரை ஆட்டக்காரர்கள் திணறுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் மட்டை நரம்பை ஒரு கிலோ கூட்டி இறுக்குவார்கள், மட்டையைப் பின்னால் இழுக்கும் பின்வீச்சைச் சுருக்குவார்கள்.

கோத்தகிரி, கொடைக்கானலில் ஆடுபவர்களுக்கும் இதேதான். டப்பாவில் 'ஹை ஆல்டிட்யூட்' என்று இருக்கிறதா பாருங்கள். கிடைக்காவிட்டால் அழுத்தமில்லாப் பந்து (உள்ளே காற்றழுத்தம் கூட்டாதது) வாங்கி, 60 நாள் மலையிலேயே வைத்துவிட்டு ஆடுங்கள். விதியும் அதை ஏற்கிறது. கொஞ்சம் கட்டை மாதிரி இருக்கும், தோள்பட்டை வலி உள்ளவர்களுக்கு ஆகாது.