நழுவலுக்கு முந்தைய வளைவு

பாறை இயக்கவியல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேருபவர் முதலில் பழகுவது கல்லைத் தேய்ப்பதற்குத்தான். சாய்வாக அறுத்த கருங்கல் உருளையின் இரு முகங்களையும் சிலிக்கான் கார்பைடு பொடியிட்டு, சொரசொரப்பு எங்கும் சீராகும்வரை தேய்க்க வேண்டும். ஓரிடத்தில் மேடு தங்கிவிட்டால், முகங்களைச் சேர்த்து அழுத்தும்போது நழுவல் அங்கிருந்தே கிளம்பக்கூடும். பிறகு நாம் அளந்தது பாறையின் இயல்பையா, நம் கைவேலையையா என்று பிரித்தறிய வழியில்லை.

அப்படித் தயாரித்த கல்லை அழுத்துபொறியில் வைத்து மெல்ல நெருக்கினால், திரையில் விசைக்கோடு நேராக ஏறிப் பின் சட்டென விழும். கூடவே 'டக்' என்றொரு ஒலி எழும். ஒட்டி நின்று நழுவும் இந்த இயக்கமே நிலநடுக்கத்தின் பொறிமுறையாக இருக்கலாம் என்று பாறை ஆய்வாளர்களான பிரேஸும் பையர்லியும் 1966-இல் எழுதினார்கள். எனக்கோ அந்த வீழ்ச்சியைவிட, அதற்குச் சற்று முன்பு கோடு லேசாக வளைகிற இடமே முக்கியமாகப் படுகிறது. பெரிய கருங்கல் பாளங்களில் பிளவை ஒட்டி, பாறையின் நுண்ணிய உருமாற்றத்தை அளக்கும் திரிபுமானிகளை வரிசையாகப் பொருத்திப் பார்க்கும்போது அந்த வளைவின் பொருள் விளங்கும்: பிளவின் ஒரு சிறு திட்டு மட்டும் முதலில் ஓசையின்றி நகர்ந்து, மெல்ல விரிந்து, ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகே முறிவு வினாடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் பாய்கிறது. இதற்கு நேர்மாறான வேலையும் உள்ளே நடக்கிறது. கல் அசையாமல் நிற்கும் காலம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் உராய்வு ஏறக்குறைய ஒரே அளவு கூடுகிறது. சும்மா கிடப்பதாகத் தோன்றும் பிளவில் தொடுபுள்ளிகள் இறுகிக்கொண்டேயிருக்கின்றன.

ஆய்வகத்தில் நழுவப்போகும் இடம் முன்பே தெரியும் என்பதால் கருவியை அங்கேயே வைக்கிறோம். களத்தில் அந்த வசதி அரிது. கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டு அதற்கு ஒரு விலக்கு: 1993-க்குள் ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் வரும் என எதிர்பார்த்து அங்கே கருவிகளைக் குவித்தார்கள், அது 2004 செப்டம்பர் 28 அன்றுதான் வந்தது, அதுவும் தெளிவான முன்னறிகுறி எதையும் அக்கருவிகளில் பதிக்காமல். ஜப்பானில் 2011 மார்ச் 11 பெருநடுக்கத்திற்கு முன்போ, முன்னதிர்வுகள் மெல்ல இடம்பெயர்ந்து அதன் தொடக்கப் புள்ளியை நெருங்கின. இந்த முரண்பாட்டை வைத்து, முதலில் ஒரு திட்டு மெல்ல நகரும் என்ற ஆய்வகக் கோட்பாடு பொய் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பார்க்ஃபீல்டில் தொடக்கத் திட்டு தரைமட்டக் கருவிகளுக்கு எட்டாத அளவு சிறியதாக இருந்திருக்கும் என்பதே என் கணிப்பு.

அதே பார்க்ஃபீல்டு பகுதியில், மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும் நிலப்பிளவை இரண்டரை கிலோமீட்டருக்கும் கீழே துளைத்தெடுத்த மாதிரிகளில் சாபோனைட் என்னும் வழுவழுப்பான களிமண் கிடைத்தது. அதன் உராய்வு மிகக் குறைவு. ஆனால் வேகமாக இழுத்தால் எதிர்ப்பு கூடுகிறது, ஆகவே நகர்வு தொடங்கினாலும் வேகம் பிடிப்பதில்லை. கருங்கல் பலசமயம் இதற்கு எதிராக நடக்கிறது. களத்திலிருந்து எந்த மாதிரி வந்தாலும் அதன் வலிமையை அளப்பதற்கு முன்பே, வேகம் கூடும்போது உராய்வு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்ப்பது இப்போது என் வழக்கமாகிவிட்டது.