என் காலை வாரிய தொடர்

மத்திய அரசு வேலைக்கான சி.ஜி.எல். தேர்வின் முடிவு வந்து மூன்று நாள் ஆகிறது. பட்டியலில் என் எண் இருப்பதை நாலு தடவை பார்த்துவிட்டேன். இனி, சென்ற முறை பட்ட அவமானத்தைத் தைரியமாகச் சொல்லலாம்.

அப்போது முதல் கட்டத்திலேயே ஒன்றரை மதிப்பெண்ணில் போயிற்று. 'புல் சம்ஒன்ஸ் லெக்' என்பதற்குப் பொருள் கேட்டிருந்தார்கள். நம் ஊரில் காலை வாரினான் என்றால் கூட இருந்தே கெடுத்தான் என்று அர்த்தம். 'துரோகம் செய்தல்' என்று அழுத்திவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போனேன். ஆங்கிலத்தில் அது வெறும் கேலி, விளையாட்டுக்கு ஏமாற்றுவது. வரவேண்டிய 2 போய், 0.50 வெட்டும் விழுந்தது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சி மையத்தில் தந்த ஆயிரம் ஆங்கிலத் தொடர்களையும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் வரை பாசஞ்சரில் உருப்போட்டவன் நான். சேரன்மகாதேவியில் மனப்பாடமான 'புட் அப் வித்', பேட்டை தாண்டும்போது சகிப்பதா தங்குவதா என்று குழம்பிவிடும்.

வழி காட்டியது ஆச்சி. அப்பளம் இட்டுக்கொண்டே, "எய்யா, படிப்பை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடாதே" என்றாள். தள்ளிப்போடு! அதில் தள்ளுவதும் இல்லை, போடுவதும் இல்லை. 'புட் ஆஃப்' என்பதும் அதுதானே? அன்று மாலையே நோட்டில் 'கொடு'வுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். காட்டிக்கொடு என்றால் 'கிவ் அவே'. விட்டுக்கொடு என்றால் 'கிவ் இன்'. 'கிவ் அப்' மட்டும் கைவிடு என்று தனியே நின்றது. ஒட்டாமல் நின்றதாலேயே மறக்கவில்லை.

பட்டியலாகக் கேட்பவர்களுக்கு:

- ஒரு வினைக்கு ஒரு பக்கம். அகரவரிசையைத் தூக்கிப்போடுங்கள்.
- முதலைக் கண்ணீர் போல இரு மொழியிலும் ஒன்றாக இருப்பவற்றில் நேரத்தை வீணாக்காதீர்கள்.
- தமிழைப் போலத் தோன்றி வேறு பொருள் தருபவற்றுக்குச் சிவப்பு மை. என் நோட்டின் முதல் சிவப்பு வரி எது என்று சொல்ல வேண்டியதில்லை.
- 'பை அண்ட் பை' என்றால் சற்று நேரத்தில். 'பை அண்ட் லார்ஜ்' என்றால் பெரும்பாலும். ஒரே நாளில் இரண்டையும் படிக்காதீர்கள்.

இரண்டாம் கட்டத்தில் ஆங்கிலம் 45 கேள்வி, தப்புக்கு 1 போகும். பயந்தவனாதலால் ஆறு கேள்விகளைத் தொடவே இல்லை. என் சிநேகிதன் ஒன்றைக்கூட விடாமல் அழுத்தினான். அவனும் தேறிவிட்டான், ஆகவே இந்த விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.