இப்ப வண்டி எதுல நிக்குது?

மார்ச் 2

இன்னிக்கு நடந்தத இன்னிக்கே எழுதிடணும், விட்டா மறந்துடுவேன். மதியம் ஒரு செங்குத்தான சரிவுல என் ஃபோர் வீல் டிரைவ் வண்டிய நிறுத்தினேன், முன்பக்கம் கீழ பாத்த மாதிரி. ஹேண்ட்பிரேக் இழுத்தாச்சு, முதல் கியர் போட்டாச்சு, இஞ்சின் ஆஃப். இறங்கிப் போய் பானட்டுக்கு நேர் முன்னாடி நின்னு பாதைய பாத்துட்டிருக்கேன், முதுகுப் பக்கம் சரளை நெரிபடுற சத்தம். திரும்பினா வண்டி வருது. வேகமெல்லாம் இல்ல, ஒரு முழம் நகர்ந்து ஒரு கல்லுல முட்டி நின்னுச்சு, ஆனா அந்த நேரத்துல நான் ரெண்டு கையையும் பானட் மேல வச்சு தள்ளப் பாத்தேன். கூட வந்த அண்ணன் போட்ட சத்தத்துல தான் ஒதுங்கினேன். அப்படி செய்யவே கூடாது, வண்டி போனா போகட்டும், ஆளு வழிய விட்டு விலகணும்.

அண்ணன் முன் சக்கரத்துக்கு கட்டை போட்டுட்டு கேட்டாரு, "தம்பி, இப்ப வண்டி எதுல நிக்குது?" "கியர்லண்ணே"ன்னேன். உள்ள கூட்டிட்டுப் போய் டிரான்ஸ்ஃபர் கேஸ் லிவர காமிச்சாரு, கியர்பாக்ஸ்லருந்து வர்ற சக்திய முன், பின் சக்கரத்துக்கு அனுப்புற பெட்டி அது. நிறுத்தின இடத்துல ஃபோர் லோவுல இருந்து, அதாவது நாலு சக்கரமும் மெதுவா ஆனா பலமா இழுக்கிற நிலையில இருந்து, மாத்தறேன்னு இழுத்து நடுவுல நியூட்ரல்லயே விட்டிருக்கேன். அது நியூட்ரல்ல இருந்தா கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது, கியர் போட்டாலும் ஒண்ணுதான் போடாட்டியும் ஒண்ணுதான். வண்டி மொத்தமும் ஹேண்ட்பிரேக்க மட்டும் நம்பி நின்னிருக்கு, அதுவும் பின் சக்கரத்துல மட்டும் பிடிக்கிற ஹேண்ட்பிரேக்.

மார்ச் 3

காலையில அதே இடத்துல ஃபோன வச்சு சரிவ அளந்தோம், 20 டிகிரி. கேக்க சின்னதா தெரியுது. லோடோட 2,000 கிலோ வண்டின்னா அந்த சரிவுல கீழ இழுக்கிற பலம் கிட்டத்தட்ட 680 கிலோ எடைக்கு சமம். அத்தனையையும் ஒரு கேபிள் தாங்கணும்.

இன்னொண்ணும் புரிஞ்சது. முன்பக்கம் கீழ பாத்து நின்னா எடை முன் சக்கரத்துப் பக்கம் கூடிடும், ஹேண்ட்பிரேக் பிடிக்கிற பின் சக்கரம் லேசாயிடும், அது சுத்தாம இறுகியே இருந்தாலும் சரளை மேல அப்படியே சறுக்கிட்டு வரும். நேத்து நடந்தது அதுதான், கேபிள் நல்லாத்தான் இருந்துச்சு. அதே இடத்துல திருப்பி முன்பக்கம் மேல பாத்த மாதிரி நிறுத்திப் பாத்தோம், அசையல. இனிமே இடம் இருந்தா மேல பாத்துதான் நிறுத்தறது.

கியர்ல நிக்கறதும் பாறை மாதிரி நிக்கறது இல்ல, இஞ்சினுக்குள்ள அமுங்கின காத்து தான் பிடிச்சிட்டிருக்கு, அது மெல்ல கசிஞ்சா வண்டி கொஞ்சம் கொஞ்சமா துள்ளித் துள்ளி இறங்கும். அதனால தான் ஃபோர் லோவுல போட்டு நிறுத்தணும்னு அண்ணன் சொல்றாரு. முதல் கியர் 4, லோ 2.5, ஆக்ஸில் 4னு வச்சுக்கிட்டா சக்கரம் ஒரு சுத்து சுத்த இஞ்சின் 40 சுத்து சுத்தணும், சாதாரணமா ஓட்டுற ஹைல வெறும் 16 தான். லோல முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். பின் சக்கரம் மட்டும் இழுக்கிற டூ வீல்ல விட்டுட்டு, அதுல ஒண்ணு குழியில அந்தரத்துல தொங்கினா, ரெண்டு சக்கரத்தையும் தனித்தனி வேகத்துல சுத்த விடற டிஃபரன்ஷியல்ல லாக் இல்லேன்னா அந்த சக்கரம் சும்மா சுத்தும், கியர் எதையும் பிடிக்காது.

மார்ச் 5

நீளமான இறக்கம் இன்னிக்கு. பாதியிலயே கருகின வாசனை, பெடல் லேசா உள்ள போற மாதிரி இருந்துச்சு. உடனே சமமான இடம் பாத்து நிறுத்தி ஆற விட்டோம். தப்பு என்னோடது, ரெண்டாவது கியர்ல வந்து பிரேக்க விடாம மிதிச்சுட்டே வந்தேன். பிரேக் ஆயில் கொதிச்சா உள்ள ஆவி வந்துடும், ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போயிடும். டாட் 3 ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி தாங்கும், ஈரம் இழுத்துட்டா 140 தான், டாட் 4ன்னா 230ம் 155ம். என் வண்டியில ஆயில் மாத்தி எவ்வளவு நாளாச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்ல, திரும்பினதும் முதல் வேலை அதுதான்.

அப்புறம் ஃபோர் லோ, முதல் கியர், க்ளட்ச்லருந்து கால முழுசா எடுத்துட்டேன். இஞ்சினே வண்டிய பிடிச்சு நடை வேகத்துல இறக்குது. பயத்துல க்ளட்ச்ச மிதிக்கத் தோணும், மிதிச்சா இஞ்சின் பிடி போயிடும், வண்டி பறக்கும். ஒரு இடத்துல பிரேக்க சட்டுனு அழுத்தினேன், சக்கரம் நின்னுடுச்சு ஆனா வண்டி நிக்கல, சறுக்குச்சு, ஸ்டீயரிங் திருப்பியும் பலன் இல்ல. பிரேக்க விட்டு லேசா ஆக்ஸிலரேட்டர் கொடுத்தப்புறம் தான் சக்கரம் சுத்தி பிடி கிடைச்சது. மனசு ஒத்துக்கவே மாட்டேங்குது, இறக்கத்துல போய் ஆக்ஸிலரேட்டரா!

மார்ச் 6

மழை. எங்கயும் போகல.

மார்ச் 8

ஏத்தத்துல முக்கால்வாசி போய் இஞ்சின் நின்னுடுச்சு, ஈர மண்ணு. வண்டிய திருப்பிட்டு இறங்கலாம்னு தான் எனக்குத் தோணுச்சு. அண்ணன் வாக்கி டாக்கில ஒரே வார்த்தை, "திருப்பாத." குறுக்க நின்னா உருண்டுடும். காலால பிரேக்க அழுத்திப் பிடிச்சிட்டு ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து, லோவுல ரிவர்ஸ் கியர் போட்டு, ரெண்டு பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமா விட்டு வண்டிய கியர்ல உக்கார வச்சு, க்ளட்ச்ச மிதிக்காம கியர்லயே சாவிய திருகினேன். ஸ்டார்ட் ஆகி நேரா பின்னால இறங்குச்சு. முன்னாடியே இன்னொண்ணும் சொல்லியிருந்தாரு, இஞ்சின் நின்னா, பெடல லேசாக்கிக் கொடுக்கிற பிரேக் பூஸ்டர்ல மிச்சம் இருக்கிறது ரெண்டு மூணு மிதிக்குத் தான், அதுக்கப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். அதனால விட்டு விட்டு மிதிக்காம ஒரே பிடியா பிடிச்சேன்.

மார்ச் 9

இன்னிக்கு அண்ணனோட ஆட்டோமேட்டிக் வண்டி. நிறுத்தறப்ப லிவர பார்க்ல போட்டா போதும்னு தான் இத்தனை நாளா நினைச்சிருந்தேன். அது உள்ள ஒரு சின்ன இரும்புக் கொக்கி பல்லுல மாட்டிக்கறது, அவ்வளவுதான், மொத்த எடையும் அதுமேல உக்காந்தா எடுக்கறப்ப டங்குனு அடிக்கும், ஒருநாள் உடையவும் செய்யும். அண்ணன் கால்பிரேக்க மிதிச்சு, நியூட்ரல் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, கால மெதுவா தளர்த்தி வண்டி ஹேண்ட்பிரேக்ல உக்காந்ததும் திரும்ப மிதிச்சுட்டுத் தான் பார்க் போடறாரு. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல்ல இருந்தா இந்த பார்க்கும் வேலைக்கு ஆகாது, நான் மாட்டின அதே கதை தான்.

மார்ச் 11

கடைசி நாள். நிறுத்தினது நான். முன்பக்கம் மேல பாத்து, ஃபோர் லோ, முதல் கியர், ஹேண்ட்பிரேக். பின்னால உருண்டா மேட்டுப் பக்க மண்திட்டுல போய் இடிக்கிற மாதிரி ஸ்டீயரிங்க ஒடிச்சு வச்சேன். கட்டைய பின் சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம் டயர ஒட்டி, ரெண்டுக்கும் வச்சேன், உருண்டை கல்லு வேணாம்னு ஏற்கனவே திட்டு வாங்கியிருக்கேன். வண்டிக்குக் கீழ்ப்பக்கம் யாரையும் உக்கார விடல, குழந்தைங்கள உள்ள விட்டுட்டும் போகல. காய்ஞ்ச புல்லு இல்லாத இடமா பாத்தேன், சூடான சைலன்ஸர் பட்டா பத்திக்கும்.

கிளம்பறப்ப நான் சீட்ல உக்காந்து இஞ்சின ஸ்டார்ட் பண்ணி கால்பிரேக்க மிதிச்சப்புறம் தான் அண்ணன் பக்கவாட்டுல நின்னு கயித்த இழுத்து கட்டைய எடுத்தாரு. ஒண்ணு இறுகிப் போய் வரல, வண்டிய ஒரு விரக்கடை மேல ஏத்தினதும் வந்துச்சு. ஜன்னல் வழியா குனிஞ்சு, "இப்ப எதுல நிக்குது?"ன்னு கேட்டாரு.

"என் கால்லண்ணே"ன்னேன். தலைய ஆட்டிட்டு கட்டைய பின்னால போட்டாரு.