ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு லினக்ஸ்: சர்வீஸ் மேசையில் தெரிந்துகொண்டவை

பழைய போனில் லினக்ஸ் போட்டுத் தர முடியுமா என்று யாராவது வந்து கேட்டால், முதலில் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இதில் எந்த சிம் போடப் போகிறீர்கள்? ஜியோ என்றால் பேச்சு அங்கேயே வேறு பக்கம் திரும்பிவிடும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. எல்லா அழைப்பும் வோல்ட்டி (4ஜி டேட்டா வழியாகவே பேச்சை அனுப்பும் முறை) வழியாகத்தான் போகிறது. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போன்ற லினக்ஸ் அமைப்புகளில் வோல்ட்டி தானாக எழுந்து நிற்பதில்லை. சிலர் அதற்காக எழுதிவரும் மென்பொருள் இன்னும் சோதனை நிலையைத் தாண்டவில்லை. டேட்டா ஓடும், அழைப்பு வராது. ஏர்டெல், வி சிம்களில் அழைப்பு 2ஜிக்கு இறங்கிக்கொள்ள வழி இருக்கிறது.

அடுத்தது யூபிஐ. பணம் அனுப்பும் ஆப்கள் சிம்மிலிருந்து தாங்களே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் எண்ணைச் சரிபார்க்கின்றன. லினக்ஸுக்குள் ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்ட வேட்ராய்டு இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் சிம் தெரியாது, கூகுளின் பாதுகாப்புச் சோதனையும் தேறாது. ஆகவே வங்கி வேலைக்கு வேறொரு போன் கையில் இருப்பவருக்கு மட்டுமே இதைச் செய்து தர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. இதைச் சொல்லாமல் வேலையை எடுத்துக்கொள்வது நேர்மையல்ல.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "பரவாயில்லை, எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான் வேண்டும்" என்கிறவருக்கு ஷாவ்மியின் போகோ எஃப்1 நல்ல தேர்வு. 2018 ஆகஸ்டில் இங்கே 20,999 ரூபாய்க்கு வந்த போன். ஸ்னாப்டிராகன் 845, 6 ஜிபி ராம், 4000 எம்ஏஎச் பேட்டரி. ஆண்ட்ராய்டு 10-உடன் அதற்கான அதிகாரப்பூர்வ அப்டேட் முடிந்துபோனது. அதற்குப் பின் வந்த விலை குறைந்த போன்களைவிட இது லினக்ஸுக்குப் பொருந்துவதற்குக் காரணம் அதன் சிப். பெரும்பாலான போன்கள் கம்பெனி கொடுத்த ஒரு பழைய கெர்னலோடு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியோடு, கட்டுண்டு கிடக்கின்றன. 845-க்குத் தேவையான டிரைவர்களில் பெரும்பகுதி பொது லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அதனால் புதுக் கெர்னல் வரும்போது இந்தப் போனும் கூடவே நகர்கிறது. அதே சிப் உள்ள ஒன்பிளஸ் 6-ம் இதே வழியில் ஏறும். கேமராவை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஷாவ்மி போன்களில் பூட்லோடரை, அதாவது போன் எழும்போது முதலில் ஓடி வேறு மென்பொருளை ஏற்ற விடாமல் தடுக்கும் பூட்டை, திறப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். டெவலப்பர் ஆப்ஷனில் மி அக்கவுண்ட்டை, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் வைத்து, இணைக்க வேண்டும். பிறகு விண்டோஸ் கணினியில் மி அன்லாக் டூலை ஓட்டினால், பெரும்பாலும் 168 மணி நேரம் கழித்து வா என்று சொல்லும். அந்த ஒரு வாரத்தில் அக்கவுண்ட்டை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தால் கணக்கு முதலிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். அன்லாக் ஆகும் அந்த நொடியில் போனில் இருப்பது அத்தனையும் அழியும். போட்டோவையும் வாட்ஸ்அப்பையும் எல்லோரும் நினைவாக எடுத்து வைப்பார்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்புக் குறியீடு காட்டும் ஆப்பைத்தான் மறந்துவிடுவார்கள். அதை முதலில் வேறு போனுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

திறந்த பிறகு உடனே ப்ளாஷ் செய்யக் கூடாது, அதாவது புது மென்பொருளைப் போனில் எழுதக் கூடாது. வால்யூம் டவுன், பவர் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஃபாஸ்ட்பூட்டுக்குள் (கணினியிலிருந்து கேபிள் வழியாகப் போனில் எழுத விடும் நிலை) போய், டிடபிள்யூஆர்பி என்ற பேக்கப், பழுதுபார்ப்பு ரெகவரியை நிறுவாமல் தற்காலிகமாக மட்டும் பூட் செய்யுங்கள். அங்கிருந்து மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி, பெர்சிஸ்ட் ஆகிய நான்கு பார்ட்டிஷன்களையும் (சேமிப்பின் தனித்தனிப் பகுதிகள்) பிரதி எடுக்க வேண்டும். ஐஎம்இஐ எண், சிக்னல் அளவீடு, சென்சார் அளவீடு எல்லாம் இவற்றில்தான் இருக்கின்றன. வேறெந்த போனிலிருந்தும் இவற்றைக் கடன் வாங்க முடியாது. இதில் ஒரு பொறி இருக்கிறது. நாம் மாற்றாவிட்டால் டிடபிள்யூஆர்பி பேக்கப்பைப் போனின் உள் சேமிப்பில்தான் வைக்கும். அந்த இடம் யூசர்டேட்டா பார்ட்டிஷன், லினக்ஸ் ஏறப்போவதும் அதே பார்ட்டிஷன். கணினிக்கு இழுத்துக்கொள்ளாவிட்டால் பேக்கப் எடுத்தும் எடுக்காததும் ஒன்றுதான்.

டிடபிள்யூஆர்பியில் இருக்கும்போதே டிஸ்ப்ளே யாருடையது என்றும் பார்த்துவிடுங்கள். போகோ எஃப்1-ல் தியான்மா, ஈபிபிஜி என்று இரண்டு கம்பெனிகளின் பேனல்கள் வந்தன. ஆண்ட்ராய்டு இரண்டையும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். லினக்ஸ் இமேஜை, அதாவது போனில் எழுதத் தயாராக உள்ள கோப்பை, நாம்தான் பேனலுக்கு ஏற்றபடி சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ப்ராக் கோப்புறையில் சிஎம்டிலைன் என்ற கோப்பைத் திறந்தால், நீண்ட ஒரே வரியின் நடுவில் டிஎஸ்ஐ டிஸ்ப்ளே என்ற சொல்லை அடுத்து தியான்மா என்றோ ஈபிபிஜி என்றோ இருக்கும். டிஸ்ப்ளே மாற்றிய போன் என்றால் பில்லையும் பெட்டியையும் நம்பாமல் இந்த வரியை மட்டும் நம்புங்கள்.

இனி ப்ளாஷ். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸின் அதிகாரப்பூர்வ தளத்தில் கிடைக்கும் நிலையான வெளியீட்டை எடுங்கள். எட்ஜ் என்ற பதிப்பு உருவாக்குபவர்களுக்கானது, வாடிக்கையாளர் போனுக்கு வேண்டாம். முதலில் ஃபாஸ்ட்பூட்டில் டிடிபிஓ பார்ட்டிஷனை அழிக்க வேண்டும். அதில் இருப்பது பழைய ஆண்ட்ராய்டு கெர்னலுக்கான வன்பொருள் குறிப்பு. பூட்லோடர் அதை எடுத்துப் புதுக் கெர்னலின் குறிப்பு மேல் ஒட்டப் பார்க்கும், போன் லோகோவைத் தாண்டாது. அடுத்து பூட் இமேஜை பூட் பார்ட்டிஷனிலும், பெரிய இமேஜை யூசர்டேட்டாவிலும் எழுத வேண்டும். பெரிய இமேஜ் ஏறும்போது ஸ்பார்ஸ் வடிவம் சரியில்லை என்று ஒரு எச்சரிக்கை வரலாம். பயந்து கேபிளைப் பிடுங்காதீர்கள். கோப்பைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும் முன் வரும் செய்தி அது. கணினி போனையே கண்டுகொள்ளவில்லை, அல்லது எழுதும்போது பாதியில் நிற்கிறது என்றால் யூஎஸ்பி 3 போர்ட்டைச் சந்தேகப்படுங்கள். நடுவில் ஒரு பழைய யூஎஸ்பி 2 ஹப்பை மாட்டினால் பல சமயம் சரியாகிவிடும்.

முதல் பூட்டில் சேமிப்பு முழுவதற்கும் தன்னை விரித்துக்கொள்ளும் வேலை நடக்கும், கொஞ்சம் நேரம் கொடுங்கள். திரை கறுப்பாகவே இருந்தால் போன் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கேபிளைக் கணினியில் செருகி நெட்வொர்க் பட்டியலைப் பாருங்கள். புதிதாக ஒரு இணைப்பு வந்து, கணினிக்கு 172.16.42 என்று தொடங்கும் முகவரி கிடைத்திருந்தால், போனுக்குள் லினக்ஸ் உயிரோடு ஓடுகிறது. போனின் முகவரி 172.16.42.1. அப்படியானால் தவறு பேனல் தேர்வில்தான் இருக்கும், மற்ற பேனலுக்கான இமேஜை எழுதினால் வெளிச்சம் வந்துவிடும். இணைப்பே வரவில்லை என்றால் கெர்னல் எழவில்லை என்று பொருள், டிடிபிஓ உண்மையில் அழிந்ததா என்று திரும்பப் போய்ப் பாருங்கள்.

தயார் இமேஜின் தொடக்கக் கடவுச்சொல் 147147. உலகத்துக்கே தெரிந்த எண் அது, நெட்டில் இணைக்கும் முன் மாற்றுங்கள். தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் டெர்மினலில் ஏபிகே என்ற மென்பொருள் நிறுவும் கட்டளை மூலம் நோட்டோ தமிழ் எழுத்துருவைச் சேர்த்தால் போதும். மொபைல் டேட்டா வரவில்லை என்றால் ஏபிஎன் (சிம் கம்பெனியின் இணைய நுழைவாயில்) பெயரைக் கையால் கொடுக்க வேண்டியிருக்கும்: ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட்.

சின்ன கம்ப்யூட்டர் என்றதும் டிவியில் மாட்டலாமா என்று கேட்பார்கள். போகோ எஃப்1-லும் ஒன்பிளஸ் 6-லும் முடியாது. டைப்-சி வடிவம் இருந்தாலும் உள்ளே ஓடுவது யூஎஸ்பி 2, அதில் படம் வெளியே வராது. லினக்ஸுக்கென்றே செய்த பைன்போன், லிப்ரெம் 5 போன்றவற்றில் அந்த வசதி உண்டு. போகோவிலும் ஒன்பிளஸிலும் புளூடூத் கீபோர்டும் மவுஸும் சேர்த்து, சின்னத் திரையிலேயே வேலை பார்க்க வேண்டும். கோடு எழுதிப் பழக, எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலைஇணைப்பு வழியாக வேறு சர்வரைப் பார்க்க, வீட்டுக்குள் கோப்புகளைப் பகிர அது தாராளமாகப் போதும். லிப்ரே ஆஃபீஸ் ஓடும். ஆனால் மெனுக்கள் விரலுக்கு அடங்காது.

வீட்டுச் சர்வராக இரவும் பகலும் சார்ஜரிலேயே விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எப்போதும் நூறு சதவீதத்தில் சூடாக இருக்கும் பழைய லித்தியம் பேட்டரி உப்பும். டைமர் பிளக் வைத்துச் சார்ஜை விட்டு விட்டு ஏற்றுங்கள், மாதம் ஒரு முறை பின்மூடியின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். மூடி எழும்பியிருந்தால் அன்றே அணைத்து பேட்டரியை மாற்ற வேண்டும்.

ஆண்ட்ராய்டுக்கே திரும்ப வேண்டும் என்று கேட்டு வருபவர்களும் உண்டு. ஷாவ்மியின் முழு ஃபாஸ்ட்பூட் ரோமை (ஆண்ட்ராய்டு முழுத் தொகுப்பு) மி ப்ளாஷ் என்ற கணினி மென்பொருளில் எழுதினால் டிடிபிஓ உட்பட எல்லாம் பழையபடி வந்துவிடும். மி ப்ளாஷ் ஜன்னலின் கீழ் ஓரத்தில் முன்கூட்டியே தேர்வாகி இருப்பது 'அழித்துவிட்டுப் பூட்டு' என்ற விருப்பம். அதை 'அழி' என்று மட்டும் மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். பூட்டிய பிறகு ரோம் பொருந்தவில்லை என்றால் சிஸ்டம் அழிந்துவிட்டது என்ற செய்தியோடு போன் நின்றுவிடும். அதன் பிறகு ஃபாஸ்ட்பூட்டில் எதையும் எழுத முடியாது, மறுபடி அன்லாக் வாங்கித்தான் ஆக வேண்டும்.