ஃபிளெயில் மோவர் வாங்குமுன் டிராக்டரை அளந்தேன்

சிறிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல்லும் புதரும் வெட்டுவதற்கு ஒரு ஃபிளெயில் மோவர் வாங்க வேண்டும் என்று முடிவெடுத்த நாளிலிருந்து அதை வாங்கி முடிக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. அவற்றில் முதல் மூன்று மாதங்களை இயந்திரங்களைப் பார்ப்பதிலேயே கழித்தேன். கடைசி ஒரு மாதத்தில்தான் என்னிடம் ஏற்கெனவே இருக்கும் டிராக்டரை அளவெடுக்கத் தொடங்கினேன். இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பதை இப்போது சொல்லச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் வேலை பழமரங்களுக்கு நடுவே வளரும் புல்லையும், வரப்பு ஓரத்தில் முளைக்கும் விரல் பருமனுள்ள புதர்களையும் வெட்டுவது. இதுவரை அதற்கு ஸ்லாஷரைத்தான் பயன்படுத்தி வந்தேன். தரைக்கு இணையாகச் சுழலும் இரண்டு பெரிய கத்திகளைக் கொண்ட அந்த இயந்திரம் எளிமையானது, உழைப்பாளி, பராமரிப்பும் அதிகம் கேட்காது. ஆனால் வெட்டிய புல்லைப் பொடியாக்காமல் நீளநீளமாக வரிசை போட்டு விட்டுச் செல்லும். கத்தியில் சிக்கும் கல்லை வெகுதூரம் வீசி எறியும். டிராக்டருக்குப் பின்னால் நெடுந்தூரம் நீட்டிக்கொண்டிருப்பதால் மரங்களுக்கிடையே திரும்பும்போது அதன் வால் எதையாவது இடிக்கும். இந்த மூன்று குறைகளுக்கும் ஃபிளெயில் மோவர் ஓரளவு மருந்தாக இருந்தது. புல்வெளியைப் பாய் விரித்ததுபோல் வைத்துக்கொள்வது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால் இது தேவையே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபிளெயில் என்பது பழங்காலத்தில் கதிரடிக்கப் பயன்பட்ட கருவியின் பெயர். ஒரு கைப்பிடிக் கோலின் நுனியில் இன்னொரு குறுங்கோல் தளர்வாகக் கட்டப்பட்டிருக்கும். இந்த இயந்திரத்தின் சூட்சுமமும் அந்தத் தளர்விலேதான் இருக்கிறது. குறுக்காகப் படுத்திருக்கும் ரோட்டாரில், அதாவது சுழல்தண்டில், கத்திகள் இறுக்கமாகப் பொருத்தப்படாமல் தொங்குகின்றன. ரோட்டார் வேகம் எடுத்ததும் அவை விறைத்து நிற்கின்றன. கல்லிலோ கட்டையிலோ மோதினால் பின்னோக்கி மடிந்து தப்பிக்கின்றன. பெரும்பாலான இயந்திரங்களில் ரோட்டார் டிராக்டர் சக்கரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், சாய்ந்து கிடக்கும் புல்லைக்கூடக் கீழிருந்து தூக்கி வெட்டி, மூடியின் உட்புறம் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய், பொடியாக்கிப் பின்னால் கொட்டுகிறது.

இனி அளவுகளுக்கு வருகிறேன். டிராக்டரின் எஞ்சின் திறன் 25 குதிரைத்திறன் என்று முகப்பில் எழுதியிருந்தாலும், மோவருக்குப் போய்ச் சேர்வது பி.டி.ஓ. தண்டில் (எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் தண்டு) கிடைக்கும் திறன் மட்டுமே. எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களை ஓட்டும் ஹைட்ரோஸ்டேட்டிக் கியர் உள்ள என் வண்டியில் அது 19 தான் என்று கையேட்டின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் இருந்தது. பொதுவான கணக்குப்படி, வெட்டும் அகலத்தில் ஒவ்வொரு 30 செ.மீ.க்கும் சாதாரணப் புல்லுக்கு நான்கைந்து குதிரைத்திறன் வேண்டும். புதர் என்றால் ஆறோ அதற்கு மேலோ வேண்டும். நான் ஆசைப்பட்ட 150 செ.மீ. இயந்திரத்துக்கு என் 19-ஐப் பங்கிட்டால் 30 செ.மீ.க்கு நான்குகூடக் கிடைக்கவில்லை. அகலமான இயந்திரம் வேலையைச் சீக்கிரம் முடிக்கும் என்று நினைத்திருந்தேன். திறன் போதாத இயந்திரம் அடர்ந்த புல்லில் ஆமை வேகத்தில் நகர வேண்டியிருக்கும் என்பதால் அந்த எண்ணமே பொய்த்துப் போனது.

அப்படியானால் எவ்வளவு குறுகலாக வாங்கலாம்? அதற்கு எல்லை வகுப்பது பின்சக்கரம். பின் டயர்களின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்தேன்: 122 செ.மீ. மோவர் அதைவிடக் குறுகலாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் டயர் மிதித்த புல் வெட்டப்படாமல் கோடு கோடாக எழுந்து நிற்கும். ஆகவே 125 செ.மீ. என்று முடிவாயிற்று.

எடையைத்தான் நான் அதிகம் அலட்சியப்படுத்தியிருந்தேன். விளம்பரங்களில் தூக்குதிறன் என்று போடப்படுவது பெரும்பாலும் கருவியைத் தாங்கும் கீழ் இணைப்புக் கைகளின் நுனியில் அளந்தது. அந்த நுனியிலிருந்து 61 செ.மீ. பின்னால் அளந்த எண்ணே நடைமுறைக்கு உதவும். என் வண்டியில் முன்னது 520 கிலோ, பின்னது 360 கிலோ. நான் தேர்ந்த மோவர் 235 கிலோ என்பதால் ஹைட்ராலிக் அதைச் சிரமமில்லாமல் தூக்கும். ஆனால் தூக்க முடிவது வேறு, தூக்கிக்கொண்டு பத்திரமாகப் போக முடிவது வேறு. மோவரின் எடையை, பின் அச்சிலிருந்து அதன் எடைமையம் வரையுள்ள தூரத்தால் பெருக்கி, முன் பின் அச்சுகளுக்கு இடையிலுள்ள தூரத்தால் வகுத்தால், தூக்கிய நிலையில் முன் அச்சு இழக்கும் எடை கிடைக்கும். என் எண்கள் 235 × 115 ÷ 145, அதாவது 186 கிலோ. ஓட்டுநரோடு சேர்ந்த 790 கிலோ வண்டியில் முன் அச்சின் மேல் முதலில் இருந்ததே 310 கிலோதான், மீதி 124. மொத்த எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருந்தால்தான் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும் என்பது வழக்கத்திலுள்ள விதி. அதன்படி எனக்கு 205 தேவை. முன் அச்சுக்கு 45 செ.மீ. முன்னால் 80 கிலோ எடைக்கட்டிகளைத் தொங்கவிட்ட பிறகே கணக்கு நேரானது. இதைச் செய்யாமல் மேட்டில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்கு விருப்பமில்லை.

கத்தி விஷயத்தில்தான் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. ஒய் வடிவக் கத்திகள் மெல்லியவை, கூர்மையானவை. புல்லைச் சுத்தமாக வெட்டும், குறைந்த திறனில் ஓடும், உடைந்தால் மாற்றவும் மலிவு. ஆனால் கல் அதிகமுள்ள நிலத்தில் அவை வேகமாக முனை மழுங்கி வளைந்துவிடும். சுத்தியல் கத்திகள் கனமானவை. தம் எடையின் வேகத்தாலேயே மூன்று நான்கு செ.மீ. பருமனுள்ள தண்டுகளையும் அடித்து நொறுக்கும். ரோட்டாரைச் சுழற்றத் தொடங்கும்போது மட்டும் எஞ்சின் சற்று முனகும். என் நிலத்தில் முக்கால் பங்கு புல்தான் என்றாலும், மீதிக் கால் பங்குப் புதரும் கல்லும் ஒய் கத்திகளை ஒரே பருவத்தில் தீர்த்துவிடும் என்று தோன்றியதால் சுத்தியலைத் தேர்ந்தேன். வெறும் புல் மட்டும் வைத்திருக்கும் ஒருவர் விற்பவரின் பேச்சைக் கேட்டுச் சுத்தியல் வாங்குவது, கொசு அடிக்க உலக்கை எடுப்பதற்குச் சமம்.

எந்தக் கத்தியானாலும் சமநிலை முக்கியம். 540 சுற்றில் ஓடும் பி.டி.ஓ.வை கியர்பாக்ஸ் மூன்று மடங்காக்கி, அதை பெல்ட் இன்னும் சற்று உயர்த்தி, ரோட்டாரை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2200 சுற்றில் ஓட்டுகிறது. கத்தி நுனிகள் 40 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தில் சுழன்றால் அவற்றின் வேகம் மணிக்கு 165 கிலோமீட்டர். 600 கிராம் எடையுள்ள ஒரு சுத்தியல், 17 செ.மீ. ஆரத்தில் இந்த வேகத்தில் சுழலும்போது ரோட்டாரை வெளிப்புறமாக இழுக்கும் விசை அரை டன்னைத் தாண்டும். எதிரெதிரே இருக்கும் கத்திகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஒன்று கழன்று விழுந்தால் அந்த அரை டன்னும் பேரிங்கை உதைக்கத் தொடங்கும். அதிர்வு தெரிந்தும் ஓட்டுபவர்கள் அடுத்த மாதம் பேரிங் வாங்கப் போவது இதனால்தான். ஒரு கத்தியை மாற்றினால் அதற்கு எதிரே உள்ளதையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பின்னால் உருளை உள்ள இயந்திரத்தையே வாங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெட்டும் உயரத்தை நிர்ணயிப்பது அந்த உருளைதான். ஹைட்ராலிக் லிவரைப் பிடித்துக்கொண்டு உயரத்தைச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் மேடு பள்ளமான நிலத்தில் புல்லோடு மண்ணையும் சேர்த்துச் சீவுவார்கள். மோவரின் மேல்புறத்தை டிராக்டரோடு இணைக்கும் டாப் லிங்க் மாட்டும் இடத்தில் துளைக்குப் பதிலாக நீள்வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டும் ஆணி, அதாவது பின், அந்த வெட்டின் நடுவில் நிற்கும்படி வைத்தால், டிராக்டர் ஏறி இறங்கினாலும் மோவர் தன் போக்கில் தரையைத் தழுவிச் செல்லும். உருளையின் இரு முனைகளிலும் கிரீஸ் போட வசதி இருக்க வேண்டும். அங்கேதான் ஈரமண்ணும் நாரும் சுற்றிக்கொள்ளும்.

பக்கவாட்டில் நகர்த்தும் வசதி ஆடம்பரம் என்று முதலில் ஒதுக்கினேன். மரத்தின் கிளைகள் முகத்தில் அடிக்காமல், மோவரை மட்டும் மரத்தடிக்கு நீட்டி வெட்ட முடியும் என்பதைக் கண்ட பிறகு மனம் மாறியது. ஹைட்ராலிக் மூலம் நகர்த்துவதற்கு டிராக்டரின் பின்புறம் ஓர் இணை எண்ணெய்க் குழாய் இணைப்பு வேண்டும். என் வண்டியில் அது இல்லாததால் பின்னைக் கழற்றிக் கையால் தள்ளும் வகையை எடுத்தேன். ஓர் எச்சரிக்கை: சரிவில் குறுக்காகப் போகும்போது மோவரைத் தாழ்வான பக்கம் நீட்டினால் வண்டியின் எடைமையமும் அந்தப் பக்கமே நகரும். சரிவான இடத்தில் நான் அதை நடுவில் வைத்துக்கொள்கிறேன்.

கீழே இரண்டும் மேலே ஒன்றுமாகக் கருவியைப் பிடிக்கும் மும்முனை இணைப்பைப் பொறுத்தவரை, இந்த அளவு டிராக்டர்களில் பெரும்பாலும் முதல் வகை (கேட்டகரி 1) தான். கீழ்ப் பின்கள் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ. மிகச் சிறிய வண்டிகளில் இதைவிட மெல்லிய பின்கள் இருக்கும். கருவியை விரைவாக மாட்ட உதவும் இரும்புச் சட்டகம் பயன்படுத்துபவர்கள் மேல் பின்னின் உயரத்தையும் அளந்துகொள்ள வேண்டும். பல மோவர்களில் அது பொருந்துவதில்லை.

டிராக்டரின் பி.டி.ஓ.வையும் கருவியையும் இணைக்கும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு குழாய்களாலான பி.டி.ஓ. ஷாஃப்ட்டைப் பற்றி நான் சூடுபட்டுக் கற்றுக்கொண்டேன். பழைய ஸ்லாஷரோடு வந்த ஷாஃப்ட் எல்லா வண்டிக்கும் சரியாக இருக்கும் என்று விற்றவர் சொன்னதை நம்பி அப்படியே மாட்டினேன். இயந்திரத்தைத் தூக்கியபோது உள்குழாய் வெளிக்குழாயின் அடிவரை போய் முட்டி, கியர்பாக்ஸை நெட்டித் தள்ளியது. சீல் போய் எண்ணெய் ஒழுகிற்று. ஃபிளெயில் மோவர் டிராக்டரை ஒட்டியே நிற்பதால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். இம்முறை ஷாஃப்ட்டை இரு பாதிகளாகப் பிரித்து இரு முனைகளிலும் மாட்டி, மோவரை மெல்ல ஏற்றி இறக்கி, அவை மிக நெருங்கும் இடத்தில் அடையாளமிட்டு, அந்த நிலையிலும் நான்கு செ.மீ. இடைவெளி மிஞ்சும்படி இரு குழாய்களையும் அவற்றின் பிளாஸ்டிக் உறைகளையும் சம அளவில் அறுத்தேன். மிக விலகும் நிலையிலும் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கிரீஸ் தடவிக் கோத்தேன்.

கியர்பாக்ஸுக்குள்ளேயே ஒருவழி கிளட்ச் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பி.டி.ஓ.வை நிறுத்திய பிறகும் கனமான ரோட்டார் பம்பரம்போல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த விசை திரும்பி டிராக்டருக்குள் பாய்ந்தால், பழைய வகை வண்டிகளில் கிளட்ச்சை மிதித்தும் வண்டி முன்னே நகரும், பி.டி.ஓ. பிரேக் உள்ள வண்டிகளில் பெல்ட்டும் பிரேக்கும் தேயும். ஒருவழி கிளட்ச் இல்லையென்றால் அதை ஷாஃப்ட்டில் தனியாகப் பொருத்தலாம். ஆனால் அதன் நீளத்தையும் சேர்த்து ஷாஃப்ட்டை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும்.

இரண்டு பழைய இயந்திரங்களையும் பார்த்தேன். ஒன்றில் ரோட்டாரைக் கையால் சுற்றியபோதே பேரிங் கரகரத்தது. மற்றொன்றில் கத்தி தொங்கும் காதுகளின் துளைகள் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தன. பேரிங்கையாவது மாற்றலாம், காதுகள் தேய்ந்த ரோட்டாரைப் பற்றவைத்துச் சரிசெய்தால் சமநிலை போய்விடும் என்பதால் இரண்டாவதைத் தொடவே இல்லை. புதியதையே வாங்கினேன்.

இதுவரை நாற்பது மணி நேரம் ஓடியிருக்கிறது. முதல் ஐந்து மணி நேரத்திலேயே பெல்ட்டுகள் தளர்ந்தன, இறுக்கினேன்; அதன் பிறகு அசையவில்லை. எஞ்சினை முழுச் சுற்றிலேயே வைத்துக்கொண்டு, அடர்ந்த இடத்தில் பெடலை மட்டும் தளர்த்தி வண்டியின் வேகத்தைக் குறைக்கப் பழகிவிட்டேன். போன வாரம் புல்லுக்குள் கிடந்த ஒரு இரும்புக் கம்பித்துண்டில் மோதி ஒரு சுத்தியலின் முனை உடைந்தது. அதையும், எதிரே நன்றாகவே இருந்த அதன் இணையையும் கழற்றிவிட்டுப் புதிதாக இரண்டு போட்டேன். நன்றாக இருந்ததை எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.